ஒற்றைப் பனையில் நின்ற பாட்டு

சென்ற மாதம் மதுரையில் மருத்துவர் என் மூளையின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே வளைந்து கிடந்த ஒரு சிறு பகுதியைக் காட்டினார். கடற்குதிரையின் வடிவமாம், அதன் மருத்துவப் பெயரும் அதனால்தான் வந்ததாம். பாதி ஆயுளைக் கடல் காணாமலே கழித்த கரிசல்காட்டுக்காரியின் தலைக்குள் இறைவன் எதை வைத்திருக்கிறான், பாருங்கள்.

"நடந்தத மனசுல பதிய வைக்கிறதும், போற வழிய வரைஞ்சு வச்சுக்கிறதும் இந்த இடந்தாம்மா. உங்களுக்கு லேசாச் சுருங்கியிருக்கு" என்றார்.

மகளின் முகம் வாடியது. நானோ அந்த வளைவையே பார்த்திருந்தேன். அது எனக்கு ஒரு கண்மாய்க் கரையாகத் தெரிந்தது. நினைவும் வழியும் ஓரிடத்தில் குடியிருப்பவை என்பதை அந்தக் கரைமேல் நடந்த நாளிலேயே என் கால்கள் அறிந்திருந்தன.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் அப்போது கிராம சேவிகா; ஊர் ஊராகப் போய்ப் பெண்கள், குழந்தைகள் நலம் பார்க்கும் அரசு வேலை. எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், உள்ளடங்கிய ஊர்களுக்கு நடந்துதான் போகவேண்டும். குழந்தைகளுக்கான பால்பவுடர் மூட்டையைத் தலையில் சுமந்து, மாதர் சங்கத்து உதவியாளர் தாயம்மா அக்கா உடன் வருவார். அந்தப் பால்பவுடர் வாசனை இன்று எங்கேனும் எழுந்தாலும் என் நாவில் பதிகம் எழும். காரணம் உண்டு.

திருவாதிரை அன்று திருச்சுழிச் சந்நிதியில் ஒரு பதிகத்தைப் புத்தகம் பாராமல் முழுதும் பாடுவதாக என் தாயார் நேர்ந்திருந்தார். பின்னர் அவருக்குப் பார்வை மங்கியது, குரலும் தளர்ந்தது. நேர்த்தி என் தலைமேல் வந்தது. ஒரு பாட்டு விடுபட்டாலும் அது நிறைவேறாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். எனக்கோ வீட்டில் உட்கார்ந்து ஓதினால் இரண்டாம் பாட்டிலேயே கொட்டாவி வரும். ஆகவே நடக்கும் வழியெல்லாம் பாடம் பண்ணினேன். சுமைதாங்கிக் கல்லில் ஒரு பாட்டு, கண்மாய் மதகில் ஒன்று, ஒற்றைப் பனையில் ஒன்று, ஐயனாரின் மண்குதிரையில் ஒன்று என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை இருத்தினேன். இடம் வந்தால் பாட்டு தானே வந்தது.

அக்கா என்னை விடமாட்டார். "பனமரம் வந்துருச்சு சேவிகாம்மா. மதகுப் பாட்டையே இழுத்துக்கிட்டு நின்னா வெயிலு மண்டையப் பொளந்துரும்" என்பார்.

மார்கழி பிறந்த சில நாட்களில் அங்கே பனை இல்லை. யாரோ வீட்டுக் கூரைக்கு வெட்டியிருந்தார்கள். அடிக்கட்டையின் அருகில் நின்று புத்தகத்தைப் பிரித்து அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓதினேன், ஒட்டவில்லை. மரத்தோடு சாய்ந்ததுபோல் போய்விட்டது.

திருவாதிரையும் வந்தது. தூணோரம் அம்மா கைகூப்பி அமர்ந்திருந்தார். மதகுப் பாட்டு வரை குறைவின்றிப் பாடினேன். அடுத்த அடி எழவில்லை. கூட்டத்தில் யாரோ, புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அம்மா தலையை அசைத்து மறுத்தார். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து தாயம்மா அக்காவின் குரல் வந்தது.

"சேவிகாம்மா, பனைய யாரும் வெட்டல. அங்கனதான் நிக்குது. நீங்க நடங்க."

சிலர் சிரித்தனர். நான் கண்களை மூடி, கல்தளத்தில் ஓர் அடி எடுத்து வைத்தேன். கரை வந்தது; கரையைத் தாண்டியதும் காய்ந்த ஓலைகளின் சலசலப்பு வந்தது. அதனடியில் என் பாட்டு காத்திருந்தது.

இன்று அப்பாதையில் தார்ச்சாலை ஓடுகிறது. சுமைதாங்கியைப் பெயர்த்துவிட்டார்கள். கண்மாயைச் சீமைக்கருவேலம் விழுங்கி, மதகு மண்ணுக்குள் போய்விட்டது. அம்மா இல்லை. 'பனை நிற்கிறது' என்று சொல்ல அக்காவும் இல்லை.

மருத்துவர் தந்த மாத்திரைகளை விழுங்குகிறேன். ஆயினும் விடியலில் கண்மூடி ரெட்டியபட்டியில் இறங்கி நடப்பதை நான் விடுவதாயில்லை. நேற்று மதகோடு பாட்டு நின்றுவிட்டது. மகள் புத்தகத்தை எடுக்க எழுந்தாள். உட்காரச் சொன்னேன். என் தலையை விட்டால் அந்தப் பனைக்கு நிற்க இப்போது வேறு நிலம் ஏது? ஓலைச் சத்தம் கேட்கும்வரை மதகிலேயே நின்றேன். பிறகு நடந்தேன்.