கோடை டீசல்

எதிர்வீட்டு என்சியோ இரண்டு கட்டைத் துண்டுகளைக் காதருகே பிடித்து ஒன்றோடொன்று தட்டுகிறார். ‘டக்’ என்று கேட்டால் வாளிக்குள் போகும். ‘தொப்’ என்று கேட்டால் ஈரம் என்று பொருள், கொட்டகைக்கே திரும்பிப் போகும். வாளி நிறைந்ததும் பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறுகிறார். அங்கே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை நிற்கிறது, அவரே வெல்டிங் செய்தது. மூடியைத் திறந்து கட்டைகளைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, சின்ன மின்விசிறியை ஓடவிடுகிறார். முதலில் வெள்ளைப் புகை கிளம்பி எதிரே இருக்கும் என் வீட்டு வாசல்வரை வரும். கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் வாயில் எரியும் பிர்ச் மரப்பட்டையை நீட்டுவார். நீலமாகப் பற்றிக்கொண்டால் வாயு தயார். “வந்துட்டாருய்யா,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அந்த நேரத்துக்குத்தான் அவர் மனைவி சிர்க்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகப் பக்கத்து நகரமான கயானியிலிருந்து டாக்சி வந்து நிற்கும். சிர்க்கா ஏறுவார். டாக்சி தபால்பெட்டி வளைவைத் தாண்டி மறையும்வரை என்சியோ மொய்லனென் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். மறைந்ததும் உருளையின் காற்றுத் துளையை அடைத்துவிடுவார். உள்ளே நெருப்பு மூச்சடைத்து அணைந்துபோகும். பிக்கப் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. திங்கள், புதன், வெள்ளி என்று வாராவாரம் இதே கதை.

“எங்கயும் போகாத வண்டிக்கு எதுக்குண்ணே அடுப்பு?” என்று அவர் அந்த உருளையைப் பொருத்திய புதிதில் ஒருமுறை கேட்டேன்.

“நீ உன் வண்டிக்கு விடிய விடிய வயரைச் சொருகிப் பால் குடுக்கிறியே, நான் கேட்டேனா?” என்றார்.

என்னுடையது மின்சாரக் கார். ‘வாலு வச்ச வண்டி’ என்பது அவர் அதற்கு வைத்த பெயர்.

எழுபதைத் தாண்டியவர். பனி வாரும் லாரி ஓட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். காது மடல்கள் இரண்டிலும் பழைய பனிக்கடித் தழும்பு. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் முதலில் அவர்கள் கார் கண்ணாடியில் மூக்கை அழுத்தி எரிபொருள் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை கொடுப்பார். பாதிக்குக் கீழே இருந்தால் போச்சு. “பாதி டேங்க்னா அது காலி டேங்க். காலி டேங்க்கோட காப்பி குடிக்க வந்திருக்கே பாரு!” டாக்சிக்காரர் துவோமோ இதற்குப் பழகிவிட்டார். வந்து நின்றதும் தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிடுவார், கிழவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

அவருடைய கொட்டகைக்குள் நுழைகிறவர் தும்ம வேண்டும் அல்லது தலைவலியோடு வெளியே வர வேண்டும். சுவரோரம் பச்சை நிறப் பெட்ரோல் கேன்கள். ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டி, வாங்கிய மாதத்தை எழுதி வைத்திருப்பார். பழையது முதலில் மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் படகு மோட்டாருக்கும் போகும், புதியது பின்வரிசைக்குப் போகும். மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்தாலே போதும். “இது செத்துப்போச்சு. பெயின்ட் பிரஷ் கழுவத்தான் ஆகும்,” என்று தள்ளி வைப்பார். முன்பெல்லாம் ரம்பத்துக்குப் பெட்ரோல் கேட்டுப் போனால் எனக்கு அரை மணி நேரச் சொற்பொழிவும் சேர்த்துக் கிடைக்கும். கேனை முக்காலுக்கு மேல் நிரப்பாதே, வெயிலில் வைக்காதே, சிமென்ட் தரைமேல் நேராக வைக்காதே, பலகை போடு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கொட்டகையின் கோடியில் ஒரு பெரிய பீப்பாய் டீசல். அதுதான் அவருடைய பெருமை. அவருடைய அவமானமும் அதுதான், அதற்கு வருகிறேன்.

ஊரில் எல்லோரும் இவர் போருக்குத் தயாராகிறார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். மாட்டுப் பண்ணை இல்போ நேருக்கு நேராகவே கேட்டுவிட்டான்: “சண்டை எப்ப வருது பெரியவரே? சொன்னீங்கன்னா நானும் உருளைக்கிழங்கைக் குழி வெட்டிப் புதைச்சு வச்சிடுவேன்.”

“சண்டைக்கு இல்லடா மடையா. திங்கள், புதன், வெள்ளிக்கு,” என்றார் என்சியோ.

அது வேடிக்கைப் பேச்சில்லை. சிர்க்காவின் சிறுநீரகங்கள் நின்றுபோன இலையுதிர் காலத்தில்தான் அவர் வெல்டிங் கண்ணாடியை மாட்டினார். ஒரு தடவை விட்டால் சமாளிக்கலாம், அடுத்ததையும் விட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்தவர், அன்றைக்கே பழைய தண்ணீர்க் கொதிகலனை இரண்டாக அறுக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் மின்சாரம் போனால் பெட்ரோல் பங்கும் போகும், பம்பை ஓட்ட மின்சாரம் வேண்டுமே. கடைசியில் எதுவும் கிடைக்காவிட்டாலும் மரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. மரத்தைக் குறைந்த காற்றில் அரைகுறையாக எரித்தால் வருகிற வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். வண்டி ஓடும், கொஞ்சம் இருமிக்கொண்டு ஓடும்.

சிர்க்காவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் ஆவியிலும் புகையிலும் நின்றவர். ஓய்வு பெற்றதும் நீல நிறத்தில் நல்ல கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டார். “அந்தச் சனியன்ல ஏறினா கோட்டு கருவாடு நாத்தம் நாறும். நான் சாகிறதா இருந்தாலும் மணமாச் சாகிறேன்,” என்பார். என்சியோவும் வற்புறுத்தியதில்லை. மனைவிக்காகத்தான் மெத்தை இருக்கை வைத்த டீசல் வேன் வாங்கியிருந்தார். பீப்பாய் டீசல் அந்த வேனுக்கு. பிக்கப் சும்மா ஒரு துணைக்கு.

போன குளிர்காலத்தில் ஈரப்பனி கொட்டியது. கிளைகளில் சுமை ஏறி ஏறி, ஊசியிலை மரங்கள் மின்கம்பிமேலும் சாலைமேலும் சாய்ந்தன. மின்சாரம் போயிற்று. அதன் பின்னாலேயே தொலைபேசிக் கோபுரமும் போயிற்று. வெள்ளிக்கிழமை டாக்சி வரவில்லை. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் குடியிருப்பவை நாலைந்து வீடுகள்தான். என் கார் சார்ஜ் ஏற்ற வழியில்லாமல் முதல் நாளே படுத்துவிட்டது. சாலையைத் திறக்க எல்லோரும் ரம்பத்தோடு இறங்கினோம். ரம்பங்களுக்குப் பெட்ரோல் கொடுத்தவர் என்சியோ. இல்போவின் மாடுகள் கறக்காமல் கதறின, ஜெனரேட்டர் அவன் காரில் இருந்த பெட்ரோலையும் குடித்துத் தீர்த்திருந்தது. அதற்கும் கொடுத்தார். கேனுக்குப் பின் கேனாகப் பின்வரிசை வரைக்கும் காலியானது.

“உங்களுக்குன்னு வச்சுக்க வேணாமாண்ணே?” என்றேன்.

“எனக்கு டீசல் இருக்குடா. பீப்பாய் நிறைய இருக்கு,” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாலை திறந்தது, வானமும் திறந்தது. எங்கள் பக்கத்தில் வானம் தெளிந்தால் குளிர் இறங்கும். வெப்பமானி மைனஸ் முப்பதுக்கும் கீழே போயிற்று. திங்கள் காலை சிர்க்காவின் முகம் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. வேனில் ஏற்றி உட்கார வைத்துக் கிளப்பினார். தபால்பெட்டி வளைவுவரை போயிற்று. அங்கே இரண்டு முறை விக்கியது, நின்றுவிட்டது.

நான் ஓடிப் போனபோது அவர் வடிகட்டியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதற்குள் டீசல் இல்லை, மெழுகுதான் இருந்தது. எங்கள் ஊரில் டீசல் இரண்டு வகை. கோடையில் விற்பது கடுங்குளிரில் மெழுகாக உறைந்துபோகும், குளிர்காலத்துக்கென்று வேறு உண்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வைக்கோல் கட்டும் நாளில் இல்போவின் டிராக்டருக்கு எண்ணெய் லாரி வந்தபோது, வந்ததுதான் வந்தது என்று என்சியோ பீப்பாயை நிரப்பிக்கொண்டார். ஊருக்கெல்லாம் சொற்பொழிவு செய்தவர், பெட்ரோல் கேன் ஒவ்வொன்றிலும் மாதம் எழுதியவர், பீப்பாயில் மட்டும் எழுதவில்லை.

சிர்க்கா கதவைத் திறந்து அந்த மெழுகைப் பார்த்தார். “ஜூலையில வாங்கினியா?” என்று மட்டும் கேட்டார்.

 என்சியோவின் அவ்வளவு பெரிய உடம்பு அந்த இடத்திலேயே சுருங்கிப்போனதைப் பார்த்தேன்.

பிறகு ஓடினார். நெருப்பு மூட்டி, பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, இருக்கைமேல் வெளுத்த படுக்கை விரிப்பு ஒன்றை விரித்தார். சிர்க்கா நீலக் கோட்டோடு ஏறினார். சன்னலோரம் அவருக்கு, நடுவில் நான் ஒடுங்கிக்கொண்டேன். “சன்னலை ரெண்டு விரல் திறந்து வையி. மறந்தும் மூடிடாத,” என்று சிர்க்காவிடம் சொன்னார். வாயு உள்ளே கசிந்தால் வாசனைகூட இல்லாமல் ஆளை முடித்துவிடும். அந்தக் குளிரில் இரண்டு விரல் திறப்பு என்றால் முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி. சிர்க்கா இரண்டு விரல்களை வைத்தே அளந்து திறந்துகொண்டார்.

பாதி வழியில் ஒரு மேட்டில் எஞ்சின் சோர்ந்தது. உருளைக்குள் கட்டைகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து அந்தரத்தில் நிற்கின்றன, நெருப்புக்கு இறங்கவில்லை. மேலிருந்து கம்பியால் கிளற வேண்டும். எஞ்சின் அணையாமல் பிடித்து வைக்க என்சியோ இருக்கையை விட்டு எழ முடியாது. நான் ஏறி மூடியைத் திறந்தேன். குபீரென்று வந்த தீ என் புருவத்தைக் கொண்டுபோயிற்று. ஆனமட்டும் குத்தினேன். ஒன்றும் அசையவில்லை.

“இறங்குடா!” என்று கீழிருந்து குரல். சிர்க்கா. மூச்சு வாங்க வாங்கப் பின்தட்டில் ஏறிக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டார். “நடுவுல குத்தினா என்ன ஆகும்? விளிம்பை ஒட்டி அடிவரைக்கும் சுத்தணும். வியாழக்கிழமை தவறாம பள்ளிக்கூடத்துல பட்டாணி சூப் கிளறினவடா நான், ஒரு நாள்கூட அடி பிடிக்க விட்டதில்ல.” முகத்தை ஒதுக்கிக்கொண்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று. உள்ளே கடகடவென்று சரிந்தது. எஞ்சின் உறுமியது. நீலக் கோட்டு முன்பக்கமெல்லாம் கரி. என்சியோ கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கண்ணைத் துடைத்தார், புகை என்று சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மூக்கைச் சுளித்தாள். “என்னம்மா, புகை போட்ட மீன் கொண்டு வந்தீங்களா?”

“ஆமா, கிழட்டு மீனு. வெளிய வண்டியோட நிக்குது,” என்றார் சிர்க்கா. அவரைக் கொண்டுபோய் இயந்திரத்தோடு இணைத்தார்கள். பிழைத்தார்.

மின்சாரம் வந்தது, டாக்சி வந்தது. பீப்பாயை இல்போவின் டிராக்டருக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்கால டீசல் நிரப்பினார் என்சியோ. மெழுகு அடைத்த அந்த வடிகட்டி இப்போது பீப்பாய்க்கு மேலே ஆணியில் தொங்குகிறது. சொற்பொழிவுகள் நின்றுவிட்டன. சிர்க்கா அந்த ஜூலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. அதுதான் அவரை அரித்தது. “திட்டியிருந்தா தேவலாம்டா. அவ ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறா. இனிமே என்னை நம்பி ஒரு வண்டியில ஏறுவாளா?” என்று என்னிடம் ஒருநாள் கேட்டார்.  டாக்சி வளைவைத் தாண்டும்வரை பிக்கப்பில் நெருப்பைத் தயாராக வைத்திருக்கிற பழக்கம் அப்போதுதான் வந்தது.

போன புதன்கிழமை அதே மாதிரிக் குளிர். பட்டை பற்றிக்கொண்டது, டாக்சி வந்தது, துவோமோ கதவைத் திறந்து வைத்தார், முள் நிறைவில் நின்றது. சிர்க்கா ஏறி உட்கார்ந்தார். டாக்சி நகரப் போகும் நேரத்தில் அவர் பக்கத்துச் சன்னல் கீழிறங்கியது, இரண்டு விரல் அளவுக்கு மட்டும்.

“அம்மா, ஹீட்டர் போட்டிருக்கேன், மூடுங்க!” என்றார் துவோமோ.

“நீ ரோட்டைப் பாரு. எனக்கு இப்படித்தான் பழகிப்போச்சு,” என்றவர் அந்த இடைவெளி வழியாகக் கத்தினார்: “ஏ கிழவா! கட்டை காஞ்சதுதானா?”

“டக்குன்னு கேட்டுச்சு!” என்றார் என்சியோ.

“அப்ப மத்தியானம் திரும்புறதுக்கு நீ வா. இவன் வண்டியில தூக்கமா வருது.”

டாக்சி தபால்பெட்டி வளைவைத் தாண்டி மறைந்தது. மத்தியானத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. காற்றுத் துளையை அடைக்கக் குனிந்த என்சியோ, கையை எடுத்துக்கொண்டு, இன்னொரு வாளிக் கட்டையை உள்ளே கொட்டினார்.