லிஃப்ட்டில் ஏறாத நீதிபதி

லிஃப்ட்டுக்குள் இன்னொருவர் நுழைந்தால் வேதநாயகி வெளியே வந்துவிடுவார். முழங்காலைத் திட்டிக்கொண்டே நாலு மாடியும் படியேறுவார். “‘நமஸ்கார மேடம்’னு ஆரம்பிப்பாங்க. மூணாவது மாடி வர்றதுக்குள்ள கேஸ் நம்பர் வந்துடும்” என்பது அவர் கட்சி. தீபாவளிக்கு நான் கொடுத்தனுப்பிய மைசூர்பாக்கும் அதே படியில் இறங்கி வந்தது. எனக்குக் கோபம்தான். ஆனால் ஒரே கட்டடத்தில் ஒரு நீதிபதி இருக்க, என்ன ஏதென்று தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பது?

அவர் கணவர் கோவிந்தராஜனுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது; ஒரு காபி கொடுத்தால் போதும். ஸ்ரீராம்புரத்துச் சந்திலிருந்து சட்டக் கல்லூரி, சீனியரின் கேஸ் கட்டுகளைச் சுமந்த வருஷங்கள், தேர்வு எழுதி சிவில் நீதிபதி, ராய்ச்சூர் பக்கம் முதல் போஸ்டிங், பிறகு மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக மாற்றல், இப்போது மல்லேஸ்வரம் என்று மனைவி ஏறிவந்த கதையெல்லாம் கொட்டினார். அடுத்த படி மாவட்ட நீதிபதி. “ஒவ்வொரு தீர்ப்புக்கும் மார்க் மாதிரி யூனிட் உண்டு; சொன்னாத்தான் ஏறும். யூனிட் குறைஞ்சா ப்ரமோஷன் லிஸ்ட்ல பேர் வராது. போன தடவை அப்படித்தான் போச்சு. இந்தத் தடவை கணக்கு முடிய இன்னிக்கு கடைசி நாள், ஒண்ணே ஒண்ணு குறையுது.”

விடுவேனா? போய்க் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வக்கீல்கள் குரலை உயர்த்தினால் வேதநாயகியின் குரல் இறங்குகிறது. காதில் விழ வேண்டுமே என்று அவர்களும் அடங்குகிறார்கள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு வந்தது. குடியிருப்பவர் பல தேதிகளுக்கு வராததால் விசாரணையை முடித்து, தீர்ப்பும் தட்டச்சாகி மேசையில் இருந்தது. வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வேதநாயகி பேனாவைத் திறக்கவும், அந்த வீட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் சந்திரம்மா மூச்சிரைக்கச் சாட்சிக் கூண்டருகே வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“வக்கீலு போனே எடுக்கல தாயி. தேதியே தெரியல. நான் சொல்றதையும் ஸ்வல்ப கேளுங்க.”

வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்தார். “முடிஞ்ச கேஸ் மேடம். இப்ப திறந்தா இன்னும் இழுக்கும்.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இத்தனை வருஷம் காத்திருந்த லிஸ்ட்டில் பேர் வந்துவிடும்.

வேதநாயகி பேனாவை மூடினார். தீர்ப்புத் தாள்களைக் கவிழ்த்து ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியைச் சாட்சிக் கூண்டின் பக்கம் திருப்பினார்.