காலிப் பாக்கெட் வாங்கிய தெரு

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆறையும் ஆளாக்கினேன். படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் இதுவரை யாரும் என்னை ஏய்த்துவிட்டுப் போனதில்லை. அதைச் சொல்லிவிட்டு மேலே எழுதுகிறேன்.

விளாங்குடியில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் மகள் ஐந்தாவது படிக்கிறாள். போன ஆடியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அப்பத்தா, ஒரு பாக்கெட்டு குப்பையானா மூணு பேரு பொறுப்பாம். செஞ்சவரு, வித்தவரு, வாங்குனவரு. மூணு பேருக்கும் பங்கு இருக்காம்."

பரவாயில்லையே, அம்புட்டுப் பணம் பிடுங்குகிற பள்ளிக்கூடத்தில் உருப்படியாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

பிறகுதான் கூத்து. ஆளுக்கு ஐம்பது காலிப் பாக்கெட் கொண்டுவர வேண்டுமாம். நொறுக்குத்தீனி செய்கிற கம்பெனிக்காரர் ஒருவர் நேரில் வந்து அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம். ஐம்பது சேர்த்த பிள்ளைகள் மேடையேறி அவர் கையில் கொடுக்கலாம். என் பேத்தியை அதுவரை எதற்கும் யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. இந்தத் தடவை ஏறியே தீருவேன் என்று நின்றாள்.

எங்கள் வீட்டில் ஐம்பதுக்கு எங்கே போவது? பால் பாக்கெட்டை மூலை தனியாகத் துண்டு விழாதபடி கீறி, கழுவி, கொடியில் காயப்போட்டு, பழைய பேப்பர் கடையில் போடுகிறவள் நான். தேடிப் பார்த்தால் பதினொன்று இருந்தது.

மருமகள் காலேஜ் படித்தவள். ஆரப்பாளையம் போய் இரண்டு பை நிறையச் சிப்ஸும் மசாலாப் பொடியும் சரம் சரமாக ஷாம்பும் வாங்கிவந்தாள். சிப்ஸை அண்டாவில் கொட்டினாள். ஷாம்பை ஒவ்வொன்றாகக் கிழித்து வாளியில் பிழிந்தாள்.

"என்னத்தா இது? வீட்டுல குப்பை இல்லைன்னு கடைக்குப் போயி வாங்கியாந்தியா?"

"ஒங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்கத்தே. தெருவுல எல்லாரும் இப்பிடித்தான் செய்றாக."

செய்தார்கள்தான். எதிர்வீட்டில் மூன்று நாளாகச் சோற்றுக்குச் சிப்ஸ்தான் தொடுகறி. சாக்கடை முழுக்க நுரை. அதில் படுத்து எழுந்த நாய்கூட ஷாம்பு மணத்தோடு திரிந்தது. படித்த தெரு!

பேத்தி அந்தப் பாக்கெட்டுகளைத் தொடவில்லை. "இது குப்பையே இல்லம்மா, நீ இப்பத்தான வாங்குன" என்றாள். சாக்கைத் தூக்கிக்கொண்டு நேரே முக்குக் கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, நீங்க வித்த பாக்கெட்டெல்லாம் வாசல்ல கெடக்கு. அதுல ஒங்களுக்கும் பங்கு இருக்கு. பொறுக்க வாங்க."

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தின்னது ஊருசனம், பங்கு எனக்கா? ஏத்தா, பேத்திய வக்கீலுக்குப் படிக்க வைக்கிறீகளா?"

"சரத்தப் பிள்ளைக மூக்குக்கு நேரா தொங்கவிட்டது ஊருசனமாப்பா? இறங்கி வா" என்றேன் நான்.

முனகிக்கொண்டே வந்தார். மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம். மண்ணும் எச்சிலும் எறும்பும். நான் ஒவ்வொன்றாகக் கழுவினேன். ஐம்பதையும் தாண்டிவிட்டது.

விழா அன்று டீச்சர் அவள் சாக்கை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாராம். "எல்லாம் கசங்கிக் கெடக்கே, போட்டோவுல நல்லாருக்காது. பின்னாடி கொண்டுபோய் வை." பெற்றவர்களோடு உட்கார்ந்திருந்த நான், என் பேத்தி கடைசி வரிசையில் இருப்பதைத்தான் பார்த்தேன். மேடையில் எதிர்வீட்டுப் பிள்ளை பளபளவென்று ஐம்பது பாக்கெட்டோடு நின்றது. கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்து, "குப்பை உங்கள் பொறுப்பு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள்" என்றார். மூன்று பங்கில் அவருடைய பங்கு எந்த வழியில் காணாமல் போனதோ! கையோடு, பிள்ளைக்கு ஒன்றாகப் புதுச் சிப்ஸ் பாக்கெட் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டாதது நானும் என் பேத்தியும்தான்.

அவர் காரில் ஏறும்போது வாசலில் மறித்தேன். "சாக்கையெல்லாம் ஏத்தலையா தம்பி?"

"அதுக்கு வேற வண்டி வரும் பாட்டி."

ஐப்பசி மழையும் கொட்டி ஓய்ந்தது. வண்டி வரவில்லை. சாக்குகள் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நைந்து பிரிந்து, பாதி வாய்க்காலில் மிதக்கிறது. நான் கழுவிக் கொடுத்ததும் அதில்தான் மிதக்கிறது.

அன்று வீட்டுக்கு வரும்வரை பேத்தி அழவில்லை. வந்தபின் இருமல் வரும்வரை அழுதாள். "நான் என்ன தப்புப் பண்ணுனேன் அப்பத்தா?" என்றாள். அவளை அப்படிக் கேட்கவைத்த அந்தப் பள்ளிக்கூடத்தை நான் மன்னிக்கப் போவதில்லை.

இப்போது ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த விழாவால் குடும்பம் கற்றுக்கொண்டது என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் எழுத வேண்டுமாம். "மிகவும் பயனுள்ளதா இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்கத்தே, பிள்ளையத்தான் பிறகு வையிவாக" என்கிறாள் மருமகள். அந்தத் தாளில் நாலு வரிக்குத்தான் இடம். எனக்குப் போதாது. நோட்டில் எழுத்துக்கூட்டி, நாலு நாளாக எழுதி முடித்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவள் பேத்தி. ஏச்சு விழுந்தாலும் அவளுக்குத்தான் விழும். அதனால் முடிவும் அவளுடையதுதான்.

ஏ ஆத்தா, இங்க வா. இந்தா நோட்டு. மொதல்ல இருந்து சத்தமா வாசி. கொடுக்கலாமா வேணாமான்னு வாசிச்சிட்டுச் சொல்லு.