லீவரை அமுக்க ஓர் ஆள்

பைக்கிலிருந்து கழற்றிய பிரேக் பேடை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் குன்வோர். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். மீன் வாங்கும்போதும் இப்படித்தான் செய்வார். "உள்பக்கத்துப் பேடு மட்டும் எப்படித் தேஞ்சிருக்கு பாரு. ஒருத்தி உழைக்க, இன்னொருத்தி உக்காந்து சாப்பிட்டிருக்கா." வண்டிக் கொட்டகையில் கேட்க யாரும் இல்லை. கேட்பவர் இருந்தால் குன்வோர் இவ்வளவு பேசவும் மாட்டார்.

மலைகளுக்கு இடையே நீளும் கடற்கழியான ஃபியோர்டைக் கடக்கும் வாகனப் படகில் சமையற்கட்டு இவர் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்றும் அந்தக் கை மாறவில்லை. கழற்றிய திருகுகள் கேக் சுடும் குழித்தட்டில், கழற்றிய வரிசைப்படியே கிடக்கும். கையில் பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் உறை. பெட்ரோல் டாங்கின் மேல் ஈரத்துணி விரித்திருக்கும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் உரிந்துவிடும் என்பதற்காக. பழைய பல்துலக்கியைச் சோப்புநீரில் தோய்த்து, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இடுக்குகளைத் தேய்க்கும்போது உதடு குவிந்துகொள்ளும். ஆனால் சீட்டியடிக்க மாட்டார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கிறவர்கள் ஏதோ பாட்டு வரப்போகிறது என்று காத்திருந்து ஏமாந்துபோவார்கள்.

தேய்ப்பதில் அவசரப்பட மாட்டார். பேடைத் தள்ளும் பிஸ்டன் பளபளக்கும்வரை துடைத்த பிறகுதான் அதை விரலால் உள்ளே தள்ளுவார். அழுக்கோடு தள்ளுவதை "செருப்புக் காலோட படுக்கையில ஏறுற மாதிரி" என்பார். காலிப்பர் நகரும் கம்பிகளுக்குப் புது கிரீஸ், மெல்லிசாக. ரொட்டியில் வெண்ணெய் அதிகம் தடவுகிறவர்களைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

இந்த வசந்தத்தில் ஒரு பிஸ்டன் உள்ளே போக மறுத்தது. தவறு அவருடையதுதான். குளிர்காலத்தில் இங்கே சாலையெல்லாம் உப்பு. விவரமுள்ளவர்கள் அக்டோபரிலேயே பைக்கைப் போர்த்தி மூடிவிடுவார்கள். அவரும் மூடியிருந்தார். நவம்பரில் ஒரு நாள் திடீரென வெயில் அடித்தது. போர்வையை உருவிவிட்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். திரும்பி வந்ததும் கழுவ நினைத்தபோது தோட்டத்துக் குழாய் உறைந்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்த்திவிட்டார். உப்பு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டது. பிஸ்டனை முழுதாக வெளியே எடுத்து, ரப்பர் வளையங்களை மாற்றித்தான் உள்ளே தள்ள முடிந்தது. அப்படி எடுத்தால் பிரேக் குழாய்க்குள் காற்று புகும். காற்று புகுந்தால் பிரேக் பிடிக்காது.

வேறு எந்த வசந்தமாக இருந்தாலும் ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பார். ஆனால் வரும் ஞாயிறு, தங்கை தோருன்னின் மகள் எலினேவுக்குச் சர்ச்சில் உறுதிபூசுதல் சடங்கு, பிறகு வீட்டில் விருந்து. மலைக்கு அந்தப்புறம், செங்குத்தாக இறங்கும் வளைவுகளைத் தாண்டிப் போக வேண்டும். தோருன் தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"அக்கா, நீ பைக்க எடுத்துட்டு வராத. இவர அனுப்பறேன், கார்ல வந்துடு."

"அவருக்கு விருந்து வேலை இருக்கும்."

"ஒரு மணி நேரம்தானே? உனக்கும் வயசாகுது. இந்த வருஷத்தோட அந்த வண்டிய வித்துடு, கேக்குறியா?"

"லைன் சரியில்ல தோருன்."

"லைன் நல்லாத்தான் இருக்கு!"

தங்கை கணவரின் காரில் ஒரு முறை ஏறினால் அடுத்த முறையும் ஏற வேண்டும் என்பது குன்வோருக்குத் தெரியும். அதற்கடுத்த முறை, அவர்களுக்கு எப்போது சௌகரியமோ அப்போதுதான் புறப்படலாம். அதன் பிறகு புறப்படாமலே இருந்துவிடலாம். நினைத்தபோது கிளம்பிப் போக அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி இந்த பைக்தான்.

காற்றை வெளியேற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே கைப்பிடியில் உள்ள பிரேக் லீவரை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கீழே காலிப்பரில் உள்ள சிறு திருகைத் திறந்து, மூட வேண்டும். முன்பெல்லாம் மேலே இருந்தது கணவர் ஸ்டைனார். மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, ஒரு குளிர்காலத்துக்கு என்று கனேரித் தீவுக்குப் போனார். வலி போய்விட்டது, அவர் திரும்பவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. யாராவது விசாரித்தால், "அவருக்கு அங்க ஒத்துக்கிச்சு" என்பார் குன்வோர். அதற்குப் பிறகு வந்த வசந்தங்களில் பேடை மட்டும் மாற்றினார். அது ஒற்றை ஆள் வேலை.

இந்த முறை தனியாகவே முயன்று பார்த்தார். வலது கை லீவரில், இடது கை ஸ்பேனரில். குட்டையான உடம்பு, மேலே எட்டினால் கீழே எட்டவில்லை. இழுத்துப் பிடித்துச் செய்ததில் ஸ்பேனர் நழுவி விரல் முட்டி உரிந்ததுதான் மிச்சம். பழைய சைக்கிள் டியூப் துண்டால் லீவரை இறுக்கிக் கட்டி இரவு முழுவதும் விட்டுப் பார்த்தார். சில சமயம் காற்று தானாக மேலேறிவிடும். காலையில் கட்டை அவிழ்த்து அமுக்கினார். "ரொட்டி மாவு மாதிரியே இருக்கு," என்றார், பைக்கிடம்.

அந்தச் சனிக்கிழமை தெருவில் டுக்னாட். வருடா வருடம் வசந்தத்தில் எல்லா வீட்டாரும் வெளியே வந்து, பனியில் வழுக்காமலிருக்கப் போட்ட சரளையைக் கூட்டி, வேலிக்கு வண்ணமடித்து, சேர்ந்து காப்பி குடிக்கும் நாள். குன்வோர் விடியலிலேயே தன் பங்குச் சரளையைக் கூட்டி முடித்து, வாஃபிள் அப்பம் சுட்டு, பொது மேசையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பியிருந்தார். வெளியே தெரு முழுக்கக் கைகள். தெருச் சரளைக்கு யாரும் யாரையும் கூப்பிடலாம். சொந்த வண்டிக்கு ஒருவரைக் கூப்பிடுவது இங்கே வேறு விஷயம். அதற்கு வாய் வராது. மூன்று தடவை கொட்டகை வாசல்வரை போய்த் திரும்பினார். ஒவ்வொரு தடவையும் துடைக்க ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போனார், சும்மா வந்ததாகத் தெரியக் கூடாதென்று.

எதிர்வீட்டு பியார்னே, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், காலித் தட்டோடு வந்து நின்றார்.

"தட்டக் குடுக்க வந்தேன்."

"அங்க வெச்சிடுங்க."

குழித்தட்டில் கிடந்த திருகுகளையும் காலிப்பரையும் பார்த்தார். "பிரிச்சுப் போட்டாச்சு. திரும்ப ஒண்ணு சேருமா?"

"சேரும். இது உங்க படகு இல்ல."

"என் படகப் பத்திப் பேசாதீங்க. அது ஓய்வுல இருக்கு."

"கவுத்துப் போட்டு எத்தன வருஷ ஓய்வு? கீழ நரி குட்டி போட்டிருக்கும்."

"வாடகை குடுக்காத நரி." வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல."

"வரும்."

இருவருக்கும் இடையே இத்தனை வருடங்களில் நடந்த பேச்சு எல்லாம் வானத்தில் போய் முடிந்ததுதான். பியார்னே திரும்பி இரண்டு அடி நடந்தார். குன்வோரின் காது சிவந்தது.

"பியார்னே. உங்க கை சும்மாதான இருக்கு?"

"எதுக்கு?"

"இத அமுக்க. நாளைக்கு மலைக்கு அந்தப்புறம் போகணும்."

"நான் பஸ் ஓட்டினவன். பைக் ஏறினதே இல்லையே."

"ஏறச் சொல்லல. அமுக்கச் சொன்னேன்."

அவர் தொப்பியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார், யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைவதுபோல. குன்வோர் தரையில் உட்கார்ந்து, ஒளி ஊடுருவும் குழாயைத் திருகில் மாட்டி, மறுமுனையை ஜாம் பாட்டிலுக்குள் விட்டார்.

"அமுக்குங்க. பிடிங்க." ஸ்பேனர் அசைந்தது.

"ஐயோ, உள்ள போகுது!" பியார்னே கையை எடுத்துவிட்டார். குழாயில் வந்த குமிழிகள் எல்லாம் திரும்ப உள்ளே ஓடின.

"விடாதீங்க! நான் மூடின பெறகுதான் விடணும்."

"கைய விட்டு நழுவுன மாதிரி இருந்துச்சு."

"நழுவணும். அதான் சரி. கடைசி வரைக்கும் போகும். போனாலும் பிடிச்சிட்டே இருங்க."

"பஸ்ல பிரேக்கு அமுக்கினா நிக்கும். ஓடிப் போகாது."

"பேசாம அமுக்குங்க."

அமுக்கினார். பிடித்தார். விட்டார். அடுத்தது. குமிழிகள் கொத்தாக வந்தன, பிறகு ஒன்றிரண்டாக. நடுவில் குன்வோர் எழுந்து, லீவருக்குப் பக்கத்தில் உள்ள சிறு டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றினார். மூடியைச் சாத்தி மறுபடி உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது. பியார்னேவின் முழங்காலும் ஒத்துப் பாடியது. இருவரும் கேட்காததுபோல் இருந்தார்கள்.

"வாஃபிள்ல ஏலக்கா போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்படித்தான் நெனச்சேன். எங்க வீட்ல டப்பாவுல வர்ற மீன் உருண்டைதான். அதுல கம்பெனிக்காரன் எதுவும் போட மாட்டான்."

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேன்."

"விடுங்க."

ஒரு பெரிய குமிழி நத்தைபோல ஊர்ந்து குழாயில் இறங்கிப் பாட்டிலுக்குள் உடைந்தது. பியார்னே அடுத்து அமுக்கியபோது லீவர் பாதியில் நின்றுவிட்டது. இன்னும் அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"கல்லு மாதிரி ஆயிடுச்சே," என்றார். குரலில் கொஞ்சம் பெருமை, தானே செய்துமுடித்த மாதிரி. "முடிஞ்சுதா? நாளைக்குப் போயிடுவீங்களா?"

குன்வோர் குழாயைப் பார்த்தார். ஆயில் தேன்போலத் தெளிந்திருந்தது. எங்கேயும் ஒரு புள்ளி காற்று இல்லை. வெளியே மேசையை மடிக்கிற சத்தம் கேட்டது. முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. பியார்னேவின் கண் ஜன்னல் விளிம்பில் இருந்த தொப்பிக்குப் போனது.

குன்வோர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பேனரை மறுபடி திருகின் மேல் பொருத்தினார்.

"இன்னும் ஒரு தடவை," என்றார். "அமுக்குங்க."