என் வீட்டுக் கோழிகளுக்கு ஊசி போடவில்லை

மேனாம்பேட்டில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கோழிப் பேப்பர்காரம்மா' என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடியபோது நான் ஆரம்பித்தது அது. கோழி வளர்ப்பவர்களுக்கென்று மாதம் இருமுறை வரும் நான்கு பக்கத் தாள். முட்டை விலை, தீவனம், எந்தத் தெருவில் என்ன நோய், ஊசி போடும் நாள், எல்லாம் இருக்கும். ஸ்டென்சிலில் நானே எழுதி, டைப்ரைட்டிங் வகுப்பு நடத்துபவரின் சைக்ளோஸ்டைல் மெஷினில் நானே சுற்றி நகல் எடுப்பேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பூந்தமல்லி வரை பெண்கள் சந்தா கட்டி வாங்கினார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தத் தாளால்தான்.

கோழிகளைக் கூண்டோடு கொல்லும் வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசி போடுங்கள் என்று இதழ் தவறாமல் நச்சரிப்பேன். ஒருமுறை ஊசி முகாம் நாளைக் கொட்டை எழுத்தில் போட்டேன். மாட்டாஸ்பத்திரி வாசலில் கூடையும் கோழியுமாகக் கூட்டம் நெரிந்ததாம். நான் போகவில்லை. அடுத்த இதழுக்காக மெஷினில் மை தடவிக்கொண்டிருந்தேன். என் கோழிகள் நினைவுக்கே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றியது. நான்கே நாளில் கொல்லை காலி. அழுகையைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

"வெளிய சொல்லாத. நீயே கோட்டை வுட்டேன்னு தெரிஞ்சா எவ இனிமே சந்தா கட்டுவா?" என்றார் கணவர். பயத்தில் சொன்னார், பாவம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் நான் மறைத்தால் அடுத்த வீட்டுக் கோழியும் போகும். இரண்டு நாள் ஸ்டென்சிலை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு முதல் பக்கத்திலேயே எழுதினேன்: என் வீட்டில் கழிச்சல். நான் ஊசி போடவில்லை. கோழி வைத்திருப்பவர்கள் ஒரு மாதத்துக்கு என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

ஒரு வாரம் ஈ காக்கை வரவில்லை. சந்தா புதுப்பிக்க வேண்டியவர்களையும் காணோம். கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த நாள் ஒருத்தி தெருவின் எதிர்ச் சாரியில் நின்று குரல் கொடுத்தாள். சித்தாள் வேலைக்குப் போகிறவள். படிக்கத் தெரியாது, மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். முட்டை விலையில் தப்பு வந்தால் முதலில் சண்டைக்கு வருவதும் அவள்தான். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று, பழக்க தோஷத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.

"ஊட்டாண்ட வர மாட்டேன்க்கா. நீதானே வராதன்னு எழுதிக்கீற. அதான் ஒருத்தியும் வரல. மாசம் முடியட்டும்னு கீறாளுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் நகரவில்லை.

"எங்க எல்லாருக்கும் ஊசி நாளு எழுதி அனுப்புற. உனக்கு யாரு அனுப்புவா?"

மாதம் முடிந்ததும் சந்தா வந்தது, கொஞ்ச நாளில் புதுக் கோழிகளும் வந்தன. அடுத்த முகாமுக்கு முந்தின நாள் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு. அவள் மகளின் குண்டு எழுத்தில், 'நாளைக்கு ஊசி. மறக்காதே' என்றிருந்தது. தேதி என் தாளில் நான் போட்டதுதான். அந்தத் தாளை நடத்திய வரைக்கும், ஒவ்வொரு முகாமுக்கும் அந்தக் கார்டு வந்தது.