அமுக்கம் படிப்பித்த மாதம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மணமாகி ஆறு வருடங்களின் பின் வயிற்றில் தங்கிய பிள்ளைக்கு அப்போது எட்டாம் மாதம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்தது.

அன்று அமுக்கம் பாடம். தட்டைச் செருப்பால் மிதித்தால் பெரிதாக வலிக்காது, அதே ஆள் ஹீல்ஸ் குதியால் மிதித்தால் உயிர் போய்விடும். பாரம் ஒன்றுதான், அது இறங்கும் பரப்புத்தான் வேறு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வளியமுக்கம், ஆழத்தோடு கூடும் நீரமுக்கம்.

முன்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "மிஸ், டொக்டர்மார் பிரஷர் எண்டு சொல்றதும் இதுதானா?"

"ஓம். இரத்தம் குழாய்ச் சுவரை அமுக்கிறது."

"அது கூடினா எப்பிடித் தெரியும்?"

"கன பேருக்கு ஒண்டும் தெரியாது. அளந்துதான் பாக்க வேணும்."

சொன்னவள் நான். ஆனால் அந்த மாதம் இரண்டு கர்ப்பகாலக் கிளினிக்குகளுக்குப் போகாமல் விட்டிருந்தேன். பாடத்திட்டம் முடியவில்லையென்று பெற்றோர் தினமும் போன் எடுத்தார்கள். கால்கள் வீங்கின. மோதிரம் கழலவில்லை. தலையிடியை வெயில் என்று நினைத்தேன்.

"கிளினிக்குக்குப் போவமா?" என்று கணவர் கேட்டார்.

"இந்தக் கிழமை வகுப்பு முடியட்டும்."

"உமக்குத் தெரியும்தானே," என்று விட்டுவிட்டார்.

வியாழன் காலை, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரும்பலகை கலங்கி மறைந்தது. செய்தி கேட்டுக் கணவர் ஓடிவந்து ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் அளந்த தாதி இன்னொரு தரம் அளந்தாள். பிறகு டொக்டரைக் கூப்பிட்டாள். டொக்டர் வயிற்றில் கருவியை வைத்து இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிள்ளையின் இதயத்துடிப்புக் கேட்கவில்லை.

பெண்பிள்ளை. தலை நிறைய முடி. கொஞ்ச நேரம் என் மார்பில் கிடத்தினார்கள். அந்த எடை, இவ்வளவுதான் என்று சொல்ல முடியாத எடை.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு மார்பும் கல்லாகி, சேலை படவே வலித்தது. வலி தாங்காமல் கையால் அமத்தினேன். சிங்களத் தாதி ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"எப்பா நங்கி, அமத்த வேணாம் தங்கச்சி. எடுத்தா இன்னும் வரும்."

"எப்ப நிக்கும்?"

"கொஞ்ச நாள் போகும். குடிக்க ஆள் இல்லை எண்டு உடம்புக்குத் தெரிய வேணும்."

அவள் ஈரத்துணியைத் தந்துவிட்டுப் போனாள். கணவர் அதைப் பிழிந்து என் மேல் மெதுவாக வைத்தார்.

"நான் இழுத்துக்கொண்டெண்டாலும் போயிருக்க வேணும்," என்றார்.

"நான் வந்திருக்க மாட்டன்," என்றேன்.

அது உண்மை. துணி சூடேறியதும் அவர் எடுத்துக்கொண்டுபோய் மறுபடி நனைத்து வந்தார்.