மாங்காய் ஐகன்

அக்கா கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறையில் இருந்து பிளவுஸுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறா. மெஷின் கை மாறி வந்த பழசு. அதற்கு டிசைன் அனுப்புகிற கம்ப்யூட்டர் அதைவிடப் பழசு. புது விண்டோஸை அது தாங்காது என்று நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

எல்லாம் நன்றாக ஓடியது, ஒன்றைத் தவிர. டிசைன் அனுப்பும் புரோகிராமை அட்மின் உரிமையோடு திறந்தால்தான் அது மெஷினைக் கண்டுபிடிக்கும். அதற்கு அக்கா ஒவ்வொரு முறையும் கறுப்பு டெர்மினலைத் திறந்து, ‘சூடோ’ என்று தொடங்கும் வரியை ஒற்றை விரலால் அடிக்க வேண்டும். ஒரு இடைவெளி தவறினாலும் சரிவராது. உடனே வெள்ளவத்தையில் என் ஒஃபிஸுக்குக் கோல் வரும்.

“எடியே, கமாண்ட் நொட் ஃபவுண்டாம். நான் என்ன பிழை விட்டனான்?”

கடைசியில் அவவுக்கே அலுத்துவிட்டது. “ஞாயிற்றுக்கிழமை வந்து இதுக்கு ஒரு வழி செய்து தா. அத்தான் நண்டு வாங்கிறாராம், சாப்பிட்டுட்டுப் போகலாம்.”

கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் எடுத்தேன். நான் போனபோது அத்தான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

டெஸ்க்டொப்பில் ஒரு ஷோர்ட்கட் செய்து, அதற்குள் அந்த சூடோ வரியையே எழுதினேன். தட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. பாஸ்வேர்ட் கேட்க அதற்கு ஒரு இடம் இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. சின்னப் பெட்டி திறந்து பாஸ்வேர்ட் கேட்கிற வேறு கட்டளையை மாற்றிப் போட்டேன். பெட்டி வந்தது. அக்கா பாஸ்வேர்டை அடித்தா. பெட்டி மறைந்தது, புரோகிராம் வரவில்லை.

“எங்கயடி போட்டுது?”

“அட்மினாத் திறக்கேக்க எந்த ஸ்கிரீனில வாறதெண்டு அதுக்குத் தெரியேல்லை அக்கா. பொறுங்கோ.”

ஸ்கிரீன் விபரத்தையும் அந்த வரியில் சேர்த்தேன். இந்த முறை திறந்தது. மெஷினையும் கண்டுபிடித்தது. அக்கா கை தட்டினா.

ஐகனுக்கு என்ன படம் என்று கேட்டேன். ஒரு பச்சைப் பிளவுஸின் கையில் தான் போட்ட மாங்காய் டிசைனைப் போனில் படம் எடுத்துத் தந்தா. அதையே வைத்தேன்.

“வேணுமெண்டா பாஸ்வேர்ட் கேட்காமலே திறக்கிற மாதிரியும் செய்யலாம்,” என்றேன்.

“வேண்டாம். கேட்கட்டும். இந்த வீட்டில என்ர கத்தரிக்கோலை எடுக்கிறவை, சார்ஜரை எடுக்கிறவை ஒருத்தரும் என்னட்டக் கேட்கிறேல்லை. இது ஒண்டாவது கேட்குது.”

“அந்தக் குத்தல் எனக்குத்தான்,” என்று குசினியிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

நண்டுக்கறி நல்ல உறைப்பு. சாப்பிட்டு முடிந்ததும் இன்னொருமுறை திறந்து பார்க்கலாமென்று மவுஸில் கை வைக்கப் போனேன்.

“நண்டுக் கையோட தொடாத. கழுவிப்போட்டு வா.”

கழுவிவிட்டு வந்தபோது அக்காவே கதிரையில் உட்கார்ந்து மாங்காயைத் தட்டியிருந்தா. பெட்டி பாஸ்வேர்ட் கேட்டது. எனக்குத் தெரியாதபடி ஒரு கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு மற்றக் கையின் விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தா. அந்தப் பாஸ்வேர்டை வைத்துக் கொடுத்ததே நான்தான். ஆனாலும் அவ அடித்து முடியும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.